கையில் இருந்தால்தான் கொடுக்கலாம்

முனைவர் பட்டத்துக்குச் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். "முதலில் பேப்பர் போடுவதா, பேட்டன்ட் போடுவதா?" என்பது ஒன்று. அதற்குச் சட்டத்தில் நேரான பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். இன்னொரு கேள்வி மனச்சாட்சியிலிருந்து வருவது: "மக்கள் வரிப்பணத்தில் செய்யும் ஆராய்ச்சிக்கு நாம் உரிமை கொண்டாடுவது நியாயமா சார்?"

நியாயமான கேள்வி. அதைக் கேட்காத பிள்ளையைவிடக் கேட்கிற பிள்ளையிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். பல்கலைக்கழகங்களில் பிறந்த கண்டுபிடிப்புகளின் கதைகளைப் படித்து நான் அடைந்த பதில் இது: உங்களிடம் இல்லாத ஒன்றை நீங்கள் யாருக்கும் கொடுக்க முடியாது. உரிமையைக் கவனமில்லாமல் நழுவ விட்டவரால் அதை ஏழைக்குக் கொடுக்கவும் முடிவதில்லை, பேராசைக்காரரிடமிருந்து காக்கவும் முடிவதில்லை. அதனால், முதலில் முறையாகப் பெறுங்கள். பிறகு தாராளமாகக் கொடுங்கள். இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதற்கே கீழே உள்ள அறிவுரைகள்.

1. உரிமை எதற்கு என்பதில் தெளிவு பெறுங்கள்

காப்புரிமை என்பது, உங்கள் கண்டுபிடிப்பை உங்கள் அனுமதி இல்லாமல் பிறர் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் அதிகாரம். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அது செல்லும். அதற்கு ஈடாக, செய்முறை முழுவதையும் ஒளிக்காமல் எழுதி உலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த அதிகாரத்தை வைத்துக் கதவை அடைப்பதும் திறப்பதும் வைத்திருப்பவரின் விருப்பம்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1921-22-ல் இன்சுலின் கண்டறியப்பட்டபோது, மருந்துக்கு உரிமை கோருவது மருத்துவருக்கு அழகல்ல என்று, அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பான்டிங் தயங்கினார். ஆனால் அவர்கள் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்துவிடக்கூடும். அப்போது சர்க்கரை நோயாளியின் உயிர் அந்த ஒருவரின் விலைப்பட்டியலில் தொங்கும். ஆகவே உரிமை பெறப்பட்டது. 1923-ல் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு அமெரிக்கக் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் பல நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியது. அவை தயாரித்த மருந்தின் வீரியத்தையும் சோதித்தது. உரிமை கையில் இருந்ததால்தான் அந்தக் கண்டிப்பு சாத்தியமானது.

பெனிசிலின் கதை நேர்மாறானது. ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரியின் குழுவில் இருந்த செயின் காப்புரிமை எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அது அறமாகாது என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சித் துறையின் பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். பிறகு பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்கும் முறைகளுக்கு அமெரிக்காவில் காப்புரிமைகள் எடுக்கப்பட்டன. அந்த மனக்கசப்பும் ஒரு காரணமாக, பொது ஆராய்ச்சியின் பலனைக் காக்க 1948-ல் பிரிட்டன் சட்டம் இயற்றித் தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தது. அதே பெயரில் இந்தியாவும் 1953-ல் ஒரு கழகத்தைத் தொடங்கியது. அறத்தை முன்னிட்டு உரிமையைக் கைவிட்டால் மட்டும் அறம் நடந்துவிடாது என்பதை இந்த இரண்டு கதைகளும் காட்டுகின்றன.

2. முதல் நாளிலிருந்தே லேப் நோட்டு எழுதுங்கள்

தைத்த நோட்டு. பக்க எண் அச்சிட்டது. பேனாவில்தான் எழுத வேண்டும். தேதி போட வேண்டும். தப்பாக எழுதியதை ஒரே கோடு போட்டு அடியுங்கள், தாளைக் கிழிக்காதீர்கள். தோற்றுப்போன சோதனையையும் எழுதுங்கள். முக்கியமான பக்கங்களில், அந்த ஆய்வில் பங்கில்லாத, ஆனால் விஷயம் புரிந்த ஒருவரிடம் "படித்துப் புரிந்துகொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கணினியில் எழுதுபவர்கள் தேதி அழியாதபடி சேமித்து வையுங்கள்.

கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு மாணவர் கோர்டன் கூல்ட் 1957 நவம்பரில் லேசர் பற்றிய தன் எண்ணங்களை நோட்டில் எழுதினார். ஒரு மிட்டாய்க் கடைக்காரர் நோட்டரியாகவும் இருந்தார். அவரிடம் கொண்டுபோய் ஒவ்வொரு பக்கத்துக்கும் சான்று வாங்கினார். அது சரியாகச் செய்த வேலை. ஆனால் வேலை செய்யும் கருவியைக் கட்டிக் காட்டினால்தான் விண்ணப்பிக்க முடியும் என்று தவறாக எண்ணிக் காத்திருந்துவிட்டார். போட்டியாளர்களான டவுன்ஸும் ஷாலோவும் 1958-லேயே விண்ணப்பித்தார்கள். கூல்ட் விண்ணப்பித்தது 1959-ல். அவருடைய முதல் முக்கியமான லேசர் காப்புரிமை கைக்கு வர 1977 ஆயிற்று. அத்தனை ஆண்டு வழக்கிலும் அவரைத் தாங்கி நிறுத்தியது அந்த நோட்டு.

இந்தியாவில் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. அப்படியானால் நோட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். யார் எதைச் செய்தார் என்ற தகராறு வரும் நாளில் உங்கள் பக்கம் பேச அது ஒன்றுதான் இருக்கும்.

3. புதிதுதானா என்று தேடிப் பாருங்கள்

ஆய்வுக் கட்டுரைகளில் மட்டும் தேடினால் போதாது. தொழில்துறையினர் பலர் கட்டுரை எழுதுவதில்லை; காப்புரிமை ஆவணத்தில்தான் எழுதுகிறார்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடல், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் எல்லாம் இலவசம். ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஒரு வாரம் அங்கே உட்காருங்கள். உங்கள் யோசனையை முன்பே ஒருவர் செய்திருந்தால் மூன்று ஆண்டு உழைப்பு மிச்சமாகும். அவர் எங்கே நின்றுவிட்டார் என்று தெரிந்தால் உங்கள் வேலை அங்கிருந்து தொடங்கும்.

நம் பாட்டிகளுக்குத் தெரிந்ததும் முன்னறிவுதான். அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995-ல், காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை கிடைத்தது. இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். அதை எதிர்த்தது. மஞ்சளின் பயன் பற்றிய பழைய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் சான்றாக வைத்தது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம் என்று சொன்னதால் ரத்தாகவில்லை. அச்சில் இருந்ததால் ரத்தானது. இதற்குப் பிறகுதான் சித்த மருத்துவம், ஆயுர்வேதம், யுனானி நூல்களின் குறிப்புகளைத் திரட்டி, உலகின் பெரிய காப்புரிமை அலுவலகங்கள் தேடிப் பார்க்கும்படி இந்தியா மரபு அறிவு மின்நூலகத்தை அமைத்தது. மூலிகை ஆய்வு செய்யும் பிள்ளைகள் இதை மறக்க வேண்டாம். மரபில் உள்ளதை அப்படியே எடுத்து உரிமை கோர நம் சட்டமும் இடம் தராது.

4. வெளியே சொல்லுமுன் விண்ணப்பியுங்கள்

முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: விண்ணப்பம் முதலில், கட்டுரை பிறகு. இரண்டுக்கும் இடையே ஒரு நாள் இருந்தாலும் போதும்.

கருத்தரங்கப் போஸ்டர், மாணவர் கண்காட்சி, செய்தியாளருக்குக் கொடுத்த பேட்டி, யூடியூப் காணொளி, முன்பதிப்புத் தளம் எல்லாமே வெளியீடுதான். உங்கள் தீசிஸ் சோத்கங்கா தளத்தில் ஏறிய நாளிலிருந்து உலகம் முழுவதும் படிக்கலாம். வெளியீட்டுக்குப் பிறகும் 12 மாதம் அவகாசம் உண்டு என்று சிலர் தைரியம் சொல்வார்கள். நம் சட்டத்தில் அந்தச் சலுகை சில குறிப்பிட்ட சூழ்நிலைகளுக்கே உரியது. ஐரோப்பாவில் அதைவிடவும் கடுமை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எட்வாக் கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது, அதன் அமைப்பை விளக்கி ஃபான் நாய்மன் எழுதிய அறிக்கை 1945 ஜூனில் பலர் கைக்குப் போயிற்று. 1947-ல் காப்புரிமைப் பேச்சு வந்தபோது, அந்த அறிக்கையே வெளியீடாகிவிட்டது, காலம் கடந்துவிட்டது என்று வழக்கறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டின் கோஹென், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் போயர் இருவரும் மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறையை 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டின் உரிம அலுவலர் நீல்ஸ் ரைமர்ஸ் அதைப் பற்றி நாளிதழில் படித்துத்தான் ஓடிப்போய்ப் பேசினார். அமெரிக்கச் சட்டம் தரும் ஓராண்டு அவகாசம் முடியச் சில நாட்களே இருந்தபோது, 1974 நவம்பர் 4-ல் அமெரிக்காவில் விண்ணப்பம் பதிவாயிற்று. பிற நாடுகளில் உரிமை போனது போனதுதான்.

இதற்காகக் கட்டுரையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட வேண்டியதில்லை. முதலில் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைப் பதிவு செய்யுங்கள். முழு விவரக்குறிப்பு கொடுக்க 12 மாதம் கிடைக்கும். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். நமக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பத்தை இணையத்திலேயே பதியலாம். வெளிநாட்டில் முதலில் பதிய விரும்பினால், இந்தியாவில் வசிப்பவர் முன் அனுமதி பெற வேண்டும். இல்லையென்றால் இங்கே பதிந்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.

5. கண்டுபிடித்தவர் யார் என்பதை நேர்மையாக எழுதுங்கள்

கட்டுரையில் பெயர் சேர்ப்பதில் நம் துறைகளில் தாராளம் அதிகம். காப்புரிமையில் அந்தத் தாராளத்துக்கு இடமில்லை. உரிமை கோரும் கருத்துக்குத் தன் சிந்தனையால் பங்களித்தவர் மட்டுமே கண்டுபிடித்தவர். சொன்னபடி கருவியை ஓட்டியவரும், நிதி வாங்கித் தந்தவரும், துறைத் தலைவர் என்பதால் மட்டும் பெயர் கேட்பவரும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். அதேபோல, உண்மையில் பங்களித்த இளநிலை மாணவியின் பெயரை விட்டுவிடவும் கூடாது. பெயர்ப் பட்டியலில் பொய் இருந்தால் உரிமையே ஆட்டம் காணும்.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆய்வு மாணவர். காசநோய்க்கு உலகம் கண்ட முதல் வலுவான மருந்து அது. காப்புரிமையில் அவர் பெயரும் பேராசிரியர் வாக்ஸ்மனின் பெயரும் இருந்தன. இருவரும் உரிமையை ரட்கர்ஸ் அமைப்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். வாக்ஸ்மனுக்கு ராயல்டியில் பங்கு போகிறது என்பது பின்னால்தான் ஷாட்ஸுக்குத் தெரிந்தது. 1950-ல் அவர் வழக்குப் போட்டார். சமரசத்தில் அவரும் கண்டுபிடித்தவர் என்று ஏற்கப்பட்டது. ராயல்டியில் 3 சதவீதமும் கிடைத்தது. ஆனால் 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே போயிற்று.

உங்கள் கைடு உங்களுக்கு நல்லவராகவே இருக்கலாம், இருக்கட்டும். ஆனாலும் யார் பெயர், எந்த வரிசை, எவ்வளவு பங்கு என்பதை வேலை தொடங்கும்போதே பேசி எழுதி வையுங்கள். மரியாதை குறையாமல் இதைக் கேட்க முடியும். "சார், நாளைக்கு நம் இருவருக்கும் குழப்பம் வரக் கூடாது" என்று சொன்னால் நல்ல ஆசிரியர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

6. கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்

பல்கலைக்கழக ஆய்வின் உரிமை யாருக்கு என்று அமெரிக்காவில் 1980-ல் பேய்-டோல் சட்டம் ஓர் ஒழுங்கு செய்தது. இந்தியாவில் அதுபோன்ற ஒரு மசோதா 2008-ல் வந்து, சட்டமாகாமலே திரும்பப் பெறப்பட்டது. ஆகவே இங்கே உங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையும், நீங்கள் போட்ட கையெழுத்தும்தான் பேசும். நிதி கொடுக்கும் அமைப்பின் நிபந்தனைகளும் அதில் சேரும். சேர்க்கையின்போது நீட்டிய தாள்களின் நகல் உங்களிடம் இருக்கிறதா?

ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்த ஓர் ஆய்வாளர், உரிமையை எழுதித் தர "ஒப்புக்கொள்கிறேன்" என்று அங்கே கையெழுத்திட்டார். பிறகு ஒரு நுட்பம் கற்க ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனார். உள்ளே நுழைய அவர் கையெழுத்திட்ட தாளில் "இதன்மூலம் எழுதித் தருகிறேன்" என்று இருந்தது. வருங்கால வாக்குறுதியைவிட அந்த நிகழ்கால எழுத்துக்கே பலம் அதிகம் என்று ஆயிற்று. அந்த நிறுவனத்தின் உரிமை பின்னர் ரோஷ் கம்பெனிக்குப் போனது. 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஸ்டான்ஃபோர்டு தோற்றது. ரத்தத்தில் உள்ள எச்.ஐ.வி. அளவைக் கண்டறியும் முறையின் முழு உரிமை இப்படி ஒரு வினைச்சொல்லால் பிரிந்து போயிற்று.

இன்டர்ன்ஷிப், கூட்டு ஆய்வு, மாதிரிப் பொருள் வாங்குதல் என்று எதற்காகவும் வெளியே கையெழுத்திடும் முன் உங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவில் (ஐ.பி.ஆர். செல்) காட்டுங்கள். கூட்டு உரிமை பற்றியும் ஒரு வார்த்தை: நம் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கூட்டாளிகள் எல்லோருக்கும் சம பங்கு, ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் ஒருவர் வெளியாருக்கு உரிமம் கொடுக்க முடியாது. இரண்டு கல்லூரிகள் சேர்ந்து எடுத்து, பேச்சுவார்த்தை முறிந்து, யாருக்கும் பயன்படாமல் கிடக்கும் காப்புரிமைகள் உண்டு.

7. கிளெய்ம்களை ஏஜென்டிடம் விட்டுவிடாதீர்கள்

காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் எண் போட்டு வரும் உரிமைகோரல்கள்தான் அதன் உயிர். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல, உங்கள் உரிமை எதுவரை என்பதை அவைதான் வரையறுக்கின்றன. அகலமாக எழுதினால் பழைய அறிவின் மேல் போய் இடிக்கும்; குறுக்கி எழுதினால் ஒரு சின்ன மாற்றம் செய்து எவரும் சுற்றிப் போய்விடுவார்கள்.

சட்டமொழி ஏஜென்டுக்குத் தெரியும். எந்த வெப்பநிலையில் வினை நடக்கும், எந்த உலோகத்துக்குப் பதில் எது வேலை செய்யும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவரோடு உட்காருங்கள். "இதை நான் எப்படி ஏமாற்றிச் செய்வேன்?" என்று போட்டியாளராக நின்று யோசியுங்கள். கிடைத்த வழிகளையும் சோதித்து உதாரணமாகச் சேருங்கள். நம் சட்டம் உரிமை தராத இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள்: வெறும் கணினி நிரல், சிகிச்சை முறை, விவசாய முறை, பலனில் முன்னேற்றம் காட்டாத பழைய மருந்தின் புது வடிவம். இவற்றின் எல்லையில் உங்கள் வேலை இருந்தால் முதலிலேயே சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

8. எண்ணிக்கைக்காக விண்ணப்பிக்காதீர்கள்

இதை வருத்தத்தோடு சொல்கிறேன். தரவரிசைக்கும் பதவி உயர்வுக்கும் காப்புரிமை எண்ணிக்கை கணக்கில் வரத் தொடங்கியபின், யாருக்கும் பயன்படாத விண்ணப்பங்கள் குவிகின்றன. பணம் கட்டினால் உங்கள் பெயரையும் சேர்க்கிறோம் என்று அழைப்பு வருகிறது. வடிவமைப்புப் பதிவு ஒன்றை வாங்கிக்கொண்டு அதைக் காப்புரிமை என்று சொல்லிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பம் பதிந்து 18 மாதம் ஆனால் அது அரசின் இதழில் வெளியாகும். கூடுதல் கட்டணம் கட்டினால் முன்னதாகவே வெளியாகும். அதில் யாரும் எதையும் பரிசோதித்திருக்க மாட்டார்கள். பரிசோதனை கேட்டு 31 மாதங்களுக்குள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பரிசோதகரின் ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லி, அவர் திருப்தியானபின்தான் காப்புரிமை வழங்கப்படும். "வெளியானது" என்பதை "வழங்கப்பட்டது" போலத் தன்விவரக் குறிப்பில் எழுதுவது பொய். கேட்காத அதிகாரியிடம் அது செல்லலாம், நேர்முகத் தேர்வில் ஒரு விவரமான ஆள் "எண் என்ன?" என்று கேட்டால் நிலைக்காது. ஆயுளில் ஒரே ஒரு நல்ல காப்புரிமை போதும்.

9. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வேலை செய்ய வையுங்கள்

காப்புரிமை கிடைத்த அன்று பாதி வேலைகூட முடிந்திருக்காது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவனைப் பாருங்கள். தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளை நறுக்கி, சூடாக்கிய ஜல்லியின் மேல் தூவினால் அது உருகி மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் தார் நன்றாகப் பிடிக்கிறது. தண்ணீர் எளிதில் உள்ளே போவதில்லை. இந்த எளிய வேதியியலை அவர் 2002-ல் கல்லூரி வளாகத்துச் சாலையிலேயே போட்டுக் காட்டினார். 2006-ல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த நுட்பத்தை அரசுகள் கட்டணமின்றிப் பயன்படுத்தக் கொடுத்தார். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013-ல் இதற்கென வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது; 2015-ல் மத்திய அரசு சாலைப் பணிகளில் கழிவு பிளாஸ்டிக் பயன்பாட்டை வலியுறுத்தியது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. உரிமை கையில் இருந்தது; அதனால் கொடுத்தார்.

அவரிடமிருந்து கற்க இன்னொன்று உண்டு. பொறியாளர் கேட்கும் கேள்வி வேறு, ஒப்பந்தக்காரர் கேட்பது வேறு. மழைக்காலம் தாங்குமா, இருக்கிற இயந்திரத்திலேயே செய்ய முடியுமா, எவ்வளவு செலவு என்றுதான் அவர்கள் கேட்பார்கள். ஆய்வுக் கட்டுரையில் இந்தக் கேள்விகளுக்கு இடமில்லை. தெருவில் இவைதான் தேர்வு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு, குடிநீரில் உள்ள பூச்சிக்கொல்லி எச்சங்களை நுண்ணிய உலோகத் துகள்களால் அகற்றும் வழியைக் கண்டது. அது 2007-ல் வீட்டு வடிகட்டியாகச் சந்தைக்கு வந்தது. அதற்கு ஆய்வு அறிவோடு, செய்து விற்கத் தெரிந்த ஒரு நிறுவனத்தின் கையும் தேவைப்பட்டது. யார் பயன்படுத்தப் போகிறார்களோ அவர்களை முதல் ஆண்டிலேயே போய்ப் பாருங்கள். மாதிரியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று கவனியுங்கள்.

பொறுமையும் வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவரும் எம்.ஆர்.என்.ஏ.வை மாற்றியமைத்து உடல் எதிர்க்காதபடி செய்யும் முறையை 2005-ல் வெளியிட்டார்கள். அதைக் கொண்டு செய்த தடுப்பூசிகள் கோடிக்கணக்கானவர் கையில் ஏறப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. நோபல் 2023-ல் வந்தது.

10. உரிமம் கொடுக்கும்போதே ஏழையை நினையுங்கள்

கோஹென்-போயர் காப்புரிமையை ஸ்டான்ஃபோர்டு ஒரே கம்பெனிக்கு விற்றிருக்கலாம். விற்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் நியாயமான கட்டணத்தில் உரிமம் கொடுத்தது. 468 நிறுவனங்கள் வாங்கின. 1997-ல் காலம் முடியும்வரை சுமார் 25 கோடி டாலர் வந்தது. திறந்து வைத்தாலும் பணம் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அடிப்படைக் கருவியாகப் பயன்படும் கண்டுபிடிப்பைப் பலருக்குக் கொடுங்கள். பெரும் முதலீடு போட்டால்தான் பொருளாகும் என்ற நிலை இருந்தால் ஒருவருக்கே கொடுக்க நேரலாம். அப்போதும், குறித்த காலத்துக்குள் செய்யாவிட்டால் உரிமம் திரும்பும் என்று எழுதுங்கள்.

யேல் பல்கலைக்கழகத்தில் எச்.ஐ.வி.க்கு எதிராகப் பயன்படும் என்று கண்டறிந்த ஸ்டாவுடின் மருந்தின் உரிமம் ஒரு பெரிய கம்பெனியிடம் இருந்தது. 2001-ல் தென்னாப்பிரிக்காவில் நோயாளிகள் மடிந்துகொண்டிருந்தார்கள். மருந்தின் விலை அவர்களுக்கு எட்டவில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பல்கலைக்கழகத்திடம் கேட்டது. மாணவர்கள் எழுந்தார்கள். கண்டுபிடிப்பில் பங்குள்ள பேராசிரியர் வில்லியம் புரூசோஃபும் அவர்கள் பக்கம் நின்றார். அந்த நாட்டில் தன் உரிமையை வலியுறுத்துவதில்லை என்று கம்பெனி அறிவித்தது. விலை பன்மடங்கு சரிந்தது. நல்ல முடிவுதான். ஆனால் அந்த ஒரு வரி முதல் ஒப்பந்தத்திலேயே இருந்திருந்தால் அத்தனை போராட்டம் தேவைப்பட்டிருக்காது. ஏழை நாடுகளுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் மலிவாகத் தர வேண்டும், கல்விக்கும் மேல் ஆய்வுக்கும் தடையில்லை என்ற வரிகளை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி மாணவரும் கேட்கலாம்.

நல்ல நோக்கத்தோடு பெற்ற உரிமையும் தடம் மாறக் கூடும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்டீன்பாக், உணவில் புறஊதா ஒளி பட்டால் வைட்டமின் டி உண்டாவதைக் கண்டார். ஒரு பெரிய உணவுக் கம்பெனி நீட்டிய பெருந்தொகையை மறுத்துவிட்டு, உரிமையைப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கென 1925-ல் தொடங்கிய அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அந்தப் பணம் பல தலைமுறை ஆய்வாளர்களை வளர்த்தது. அதே அறக்கட்டளை, பால் பண்ணையாளர் நலனுக்காக, ஏழைகள் வாங்கும் மார்ஜரினுக்கு அந்த நுட்பத்தைத் தர மறுத்தது. 1940-களில் நீதிமன்றம் அதைக் கண்டித்ததோடு, அந்தக் காப்புரிமைகள் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. உரிமை யாருக்காக எடுக்கப்பட்டது என்பதை வைத்திருப்பவர்களுக்கு ஒருவர் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

11. அறிவு தந்தவர்களுக்குப் பங்கு கொடுங்கள்

அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணி மக்கள், களைப்பு தெரியாமல் நடக்க ஒரு செடியின் காயைத் தின்பதை 1987-ல் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்று அதற்குப் பெயர். திருவனந்தபுரத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-ல் கோவையின் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, அதற்கென 1997-ல் அவர்களுடைய அறக்கட்டளை பதிவாயிற்று. நடைமுறையில் குறைகள் இருந்தன என்றாலும், உலகம் இதை முன்னோடியாகப் பேசியது.

இன்று இது சட்டமாகவும் இருக்கிறது. நம் நாட்டு உயிர்வளத்தைப் பயன்படுத்திய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற, 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் போயாக வேண்டும். அதன் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் கேளுங்கள்: எந்த மீனவர், எந்த நெசவாளர், எந்த மருத்துவச்சி சொன்ன ஒரு வார்த்தையில் என் ஆய்வு தொடங்கியது? அந்தப் பெயரை நோட்டில் எழுதுங்கள். பலன் வரும்போது பங்கு போகட்டும்.

12. இந்த வாரமே தொடங்குங்கள்

பெரும்பாலான காப்புரிமைகள் பணம் ஈட்டுவதில்லை. அவற்றைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் உரிமை போய்விடும். பயனில்லை என்று தெரிந்தால் விட்டுவிடுவதில் வெட்கமில்லை. உங்கள் ஆய்வின் பெருமை அந்தச் சான்றிதழைப் பொறுத்ததல்ல. மோனோகுளோனல் ஆன்டிபாடியை 1975-ல் உருவாக்கிய மில்ஸ்டைனும் கோலரும் அதற்குக் காப்புரிமை பெறவில்லை; அதனால் அந்த வேலையின் உயர்வு குறையவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்வதும் ஒரு முடிவுதான். ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். தேதியைத் தவறவிட்டதாலோ படிக்காமல் கையெழுத்திட்டதாலோ உங்கள் தலையில் விழுந்ததாக இருக்க வேண்டாம்.

பிள்ளைகளே, இந்த வாரம் மூன்று வேலை செய்யுங்கள். உங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையைக் கேட்டு வாங்கி முழுவதும் படியுங்கள். தைத்த நோட்டு ஒன்று வாங்கி இன்றைய தேதியைப் போட்டு, மனத்தில் இருக்கும் யோசனையை எழுதுங்கள். உங்கள் தலைப்பில் ஏற்கெனவே உள்ள பத்துக் காப்புரிமைகளைத் தேடிப் படித்து, அவை எங்கே நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் முடித்துவிட்டு உங்கள் கைடிடம் போய் உட்காருங்கள்; அப்போது நீங்கள் கேட்கும் கேள்விகள் இன்றைவிட நல்ல கேள்விகளாக இருக்கும்.